குன்றிமணித் தராசு: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் வெள்ளி முத்திரைக் காசு (வெட்டிய வெள்ளித் துண்டில் குறிகளைத் தனித்தனியாகக் குத்திய பழங்காலக் காசு) பற்றி அரைப் பக்கம் எழுதினாலும் எழுதினேன், கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. பாதிப் பேர் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: "என்ன விலைக்குப் போகும்?" அவர்களுக்கு மொத்தமாக ஒரே பதில். சாதாரண மௌரியர் கால வகை என்றால் சில ஆயிரம் ரூபாய். லட்சமெல்லாம் இல்லை. இத்தனை பழசுக்கு இவ்வளவுதானா என்று மனசு ஆறாதுதான். என்ன செய்ய, பானை பானையாகப் புதையல் கிடைத்த காசு அது. மீதிக் கேள்விகளுக்கு வருவோம்.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு பித்தளைச் செம்புக்குள் 11 வெள்ளித் துண்டுகள் இருந்தன. சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை. எழுத்து, ராஜா தலை எதுவும் கிடையாது. குத்துக் குத்தாக ஏதோ குறிகள் மட்டும். இது காசுதானா, நகை செய்ய வைத்திருந்த வெள்ளியா? — வாசகி, தேவகோட்டை

இதே கேள்வியை 1983-ல் நான் என் அப்பாவிடம் கேட்டேன். கரூரில் எங்கள் பட்டறைக்கு ஒருவர் பழைய வெள்ளி கொண்டுவந்து போட்டிருந்தார். அறுந்த கொலுசு, அரைஞாண், நசுங்கிய குங்குமச் சிமிழ், அவற்றோடு நகத்தளவுக் கறுத்த துண்டு ஒன்று. எல்லாம் உருக்குகிற மூசைக்குள் போக வேண்டியது. அப்பா அந்தத் துண்டை மட்டும் எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "தகட்டை வெட்டினவன் மூலையை ஏண்டா கிள்ளியிருக்கான்? எடை கூடிப்போச்சு, அதான்" என்றார். பிறகு சின்னத் தராசில் வைத்து, எதிர்த்தட்டில் குன்றிமணியாக எண்ணிப் போட்டார். முப்பதும் ஒன்றும். சரித்திரம் படிக்காத மனிதர். ஆனால் ஒரு துண்டு வெள்ளியை எடை பார்த்துக் கிள்ளியிருந்தால் அது பணமாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கர்ஷாபணம் என்கிற அந்தக் காசின் முழு எடை 32 ரத்தி. ரத்தி என்பது நம் குன்றிமணியேதான். கிராமில் சொன்னால் ஏறக்குறைய மூன்றரை. கைமாறித் தேய்ந்து இன்று கிடைப்பவை பெரும்பாலும் 3 முதல் 3.4 கிராமுக்குள் நிற்கும். (பிற்பாடு அப்பாவின் டப்பாவிலிருந்து 32 குன்றிமணியை டிஜிட்டல் தராசில் வைத்துப் பார்த்தேன், 3.7 காட்டியது. மரத்துக்கு மரம் விதை மாறும், அதற்காக அர்த்தசாஸ்திரத்தில் எடைக் கணக்கு எழுதிய கௌடில்யரைக் கோபித்துக்கொள்ள முடியாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் குன்றிமணியை வெளியே வைக்காதீர்கள், கடித்து விழுங்கினால் விஷம்.)

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, 11 துண்டையும் தனித்தனியாக எடை போட்டு எழுதி வைப்பது. நகைக் கடைத் தராசு போதும், இரண்டு தசமம் வரை காட்டினால் நல்லது. அத்தனையும் ஒரே எடையை ஒட்டி நின்றால் அது காசுதான். ஒன்று 2 கிராம், ஒன்று 6 கிராம் என்று தாறுமாறாக இருந்தால் துண்டு வெள்ளி. சுமார் 11 கிராமில் வளைந்த பட்டை போல ஒன்று இருந்து, இரண்டு முனையிலும் ஒரே மாதிரிச் சக்கரக் குறி இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். அது காந்தார நாட்டு சதமானம், காசு பிறந்த ஊர் இன்றைய பாகிஸ்தானின் தட்சசீலப் பக்கம்.

இரண்டாவது விளிம்பு. வெள்ளியைத் தகடாக அடித்து, பட்டையாகக் கீறி, பட்டையைத் துண்டுகளாக வெட்டி, எடை கூடினால் மூலையை நறுக்கினார்கள். விளிம்பைச் சாய்த்துப் பார்த்தால் பாதி உயரம் உளி வழுவழுப்பாக இறங்கியிருக்கும், மீதி சொரசொரவென்று பிய்ந்திருக்கும். அந்தப் பிய்ந்த கோடுதான் எனக்குக் கையெழுத்து மாதிரி. பழைய வகைகள் அகலமாக, மெல்லிசாக, அப்பளத் துண்டு மாதிரி இருக்கும். பிந்தியவை சின்னதாக, தடியாக.

குறிகளைப் பார்ப்பது மூன்றாவதுதான். எல்லோரும் அதிலிருந்தே தொடங்குவதால்தான் குழம்புகிறார்கள்.

என்னிடம் உள்ள காசில் சூரியன் தெளிவாக இருக்கிறது. மற்றவை ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. இணையத்தில் விற்றவர் 'அசோகர் காசு' என்றார். எப்படி உறுதி செய்வது? — கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, முதலில் ஊர்ப் பெருமை ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் காசு கிடைத்ததாக ஆங்கிலேயர் எழுதிவைத்த முதல் செய்தியே உங்கள் கோவை வட்டாரத்துடையது. 1800-ல், பழைய கல்லறைகளில் கிடைத்தது.

இப்போது உங்கள் காசு. மகத, மௌரிய வெள்ளிக் காசில் முன்பக்கம் ஐந்து முத்திரை. ஐந்தும் ஐந்து தனி உளி, ஐந்து தனி அடி. ஒரே அச்சு கிடையாது. அதனால் ஒன்றை ஒன்று மிதிக்கும், பாதி காசுக்கு வெளியே போய்விடும். பின்பக்கம் சில காசில் வெறுமை, சிலதில் பொடிப்பொடிக் குறிகள் நிறைய, பிந்திய காசுகளில் ஆழமாக ஒரே ஒரு குறி.

ஐந்தில் சூரியன் ஏறக்குறைய எப்போதும் உண்டு. அதனால் சூரியனை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சூரியனோடு கூடவே வருவது ஆறு கைச் சக்கரம், ஷடரசக்கரம் என்பார்கள். நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து ஆறு கை. மூன்று கை அம்பு முனை, இடையிடையே உள்ள மூன்று கையில் வேறு ஏதாவது. அந்த வேறு ஏதாவதுதான் விஷயம். முட்டை வடிவமா, மீனா, அல்லது சின்ன வட்டத்தின் மேல் பிறை உட்கார்ந்த காளைத்தலைக் குறியா? இதைச் சரியாகப் பார்த்துவிட்டால் எந்த வரிசை என்பது பாதி தீர்ந்தது. அப்புறம் யானை, காளை, வேலிக்குள் மரம், மூன்று வளைவுக் குன்றின் மேல் பிறை, குன்றின் மேல் மயில், குன்றின் மேல் முயல் என்று மூன்றாவதும் நான்காவதும். ஐந்தாவதுதான் அதிகம் மாறும், வகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

நான் செய்கிற வித்தை சொல்கிறேன். மேஜை விளக்கைக் காசுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய மேஜை மட்டத்துக்கு இறக்கி வையுங்கள். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். காசை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு திசையில் சக்கரத்தின் இரண்டு கை எழும், இன்னொரு திசையில் யானையின் முதுகு. எழுந்ததை எழுந்தபடி பென்சிலில் வரையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். காசு விரிசல் இல்லாமல் உறுதியாக இருந்தால் சிகரெட் பெட்டிக்குள் வரும் மினுக்குத் தாளை மேலே போட்டு அழிரப்பரால் அமுக்கியும் படி எடுக்கலாம். என் அப்பா காப்பாற்றிய அந்தக் காசில் நான்காவது முத்திரையை யானை என்றே ஒன்பது வருஷம் நினைத்திருந்தேன். அதே வகையில் வேறொரு காசு கையில் கிடைத்தபோதுதான் கொம்பு தெரிந்தது. காளை. என் காசில் தலை முழுக்க விளிம்புக்கு வெளியே போயிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தது காளையின் பின்னுடம்பை.

வரைந்த படத்தோடு பி.எல். குப்தா, டி.ஆர். ஹார்டேக்கர் இருவரும் 1985-ல் வெளியிட்ட பட்டியலைத் தேடுங்கள். 2014-ல் திருத்திய பதிப்பும் வந்திருக்கிறது. சேகரிப்பவர்கள் "ஜி.எச். நம்பர் என்ன?" என்று கேட்பது இந்தப் பட்டியல் எண்ணைத்தான்.

'அசோகர் காசு' என்று விற்றவர் கொஞ்சம் கற்பனை கலந்துதான் விற்றிருக்கிறார். காசில் பெயர் இல்லை. எந்த வகை எந்த வகைக்கு முன்னால் என்பதைப் புதையல்களை ஒப்பிட்டுத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். நல்ல உதாரணம் 1924-ல் தட்சசீலத்தின் பீர் மேட்டில் கிடைத்த புதையல். அந்தப் பானையில் முத்திரைக் காசுகளோடு அலெக்சாந்தர் பெயரிலும் அவருக்குப் பின் வந்த பிலிப் அர்ஹிடேயஸ் பெயரிலும் சில கிரேக்கக் காசுகளும் இருந்தன. பிலிப் ஆண்டது கி.மு. 323 முதல் 317 வரை. ஆகவே அந்தப் பானையில் கிடந்த முத்திரைக் காசு வகைகள் அதை ஒட்டிய காலத்துக்குள் புழக்கத்துக்கு வந்துவிட்டவை என்று பிடித்துக்கொள்ளலாம். இப்படித்தான் படிப்படியாக. அதை விட்டு, பிந்துசாரருக்கு ஒரு காசு, அசோகருக்கு ஒரு காசு என்று ஜாதகம் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. 'மௌரியர் காலம்' என்று எழுதி வையுங்கள்.

தட்சசீலக் காசுகளைக் கணித மேதை டி.டி. கோசாம்பி ஒவ்வொன்றாக எடை போட்டார். பின்பக்கத்துக் குறிகள் கூடக் கூட சராசரி எடை குறைகிறது என்று கண்டார். காலம் போகப் போகக் குறியும் ஏறியிருக்கிறது, காசும் தேய்ந்திருக்கிறது. தராசை வைத்தே வரலாறு எழுத முடியும் என்று காட்டிய ஆள். எடை, எடை என்று நான் ஏன் அடித்துக்கொள்கிறேன் என்பது இப்போது புரியும்.

ஒரு எழுத்துகூட ஏன் இல்லை? பிராமி இருந்த காலம்தானே? — வாசகர், மயிலாடுதுறை

சின்னத்தைப் பார்த்தே மக்கள் வாங்கினார்கள். படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஒரு கண்காட்சியில் மூன்று காசு வாங்கினேன். மூன்றும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கின்றன. நல்ல நிலையில் கிடைத்த ஒரே வகை என்கிறார் விற்றவர். — வாசகர், சேலம்

ஏமாந்துவிட்டீர்கள். வருத்தப்படாதீர்கள், நானும் இதே விதமாக ஏமாந்தவன்.

வேலைக்குச் சேர்ந்து நகை மதிப்பீட்டாளராகச் சம்பளம் வாங்கத் தொடங்கிய புதிது. ஒரு வியாபாரியிடம் ஐந்து காசு வாங்கினேன். தினமும் நாற்பது நகை உரசிப் பார்க்கிறவன் என்கிற திமிர் வேறு. வீட்டுக்கு வந்து வரிசையாக வைத்தபோது இரண்டாவது காசிலும் நான்காவது காசிலும் இடது ஓரத்தில் ஒரே இடத்தில் ஒரே நீளத்துக்கு மயிரிழை விரிசல். கையால் வெட்டிய துண்டில், ஐந்து தனி அடி விழுந்த காசில், இரட்டைப் பிள்ளை பிறக்கவே பிறக்காது. ஒரு நல்ல காசை மாதிரியாக வைத்து வார்ப்பு எடுத்திருந்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பள்ளங்களுக்குள் குண்டூசி முனை அளவுக் காற்றுக் குமிழ்கள். குறிகளின் ஓரம் சோப்பில் செதுக்கியது போல மழுங்கல். விளிம்பில் நான் சொன்ன அந்தப் பிய்ந்த கோடு கிடையாது, அரம் போட்டு ராவியிருந்தது.

உங்கள் மூன்றையும் விரிசல், விளிம்பு, முத்திரைகள் ஒன்றையொன்று மிதித்திருக்கும் இடம் எல்லாம் பொருத்திப் பாருங்கள். ஒன்றிப் போனால் குறைந்தது இரண்டு போலி, பெரும்பாலும் மூன்றும்.

வெள்ளித் தரத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். சுத்த வெள்ளி இல்லையே என்று ஒருவர் தன் நல்ல காசையே போலி என்று தள்ளிவிட்டார். அர்த்தசாஸ்திரமே வெள்ளிக் காசில் நாலில் ஒரு பங்கு செம்பும், பதினாறில் ஒரு பங்கு இரும்பு, தகரம், ஈயம் போல ஏதாவது ஒன்றும் சேர்க்கச் சொல்கிறது. மீதிதான் வெள்ளி. அப்புறம் ஒரு வேண்டுகோள்: காசை உரைகல்லில் தேய்க்காதீர்கள். பழக்கதோஷத்தில் நான் ஒருமுறை தேய்த்தேன். அந்தப் பளபளத்த தழும்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

கறுத்துக் கிடக்கும் காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? — வாசகி, திருநெல்வேலி

குத்துவிளக்குக்குப் போடுங்கள். காசுக்கு வேண்டாம். புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். இரண்டாயிரம் வருஷம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் இற்றுப்போய் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும், அமுக்கித் தேய்த்தால் இரண்டாக ஒடியும். வளைந்திருந்தாலும் நிமிர்த்தாதீர்கள். மண் ஒட்டியிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். மண் தானாக விடும் வரை பொறுங்கள். கறுப்பு இருக்கட்டும், குறிகளை எடுத்துக் காட்டுவதே அதுதான். பி.வி.சி. உறையில் போட்டு வைத்தால் வருஷக்கணக்கில் பச்சையாகப் பிசுபிசுக்கும். அமிலம் இல்லாத தாள் உறை நல்லது.

எங்கள் தோட்டத்தில் கிணறு ஆழப்படுத்தும்போது சட்டியோடு வெள்ளிக் காசுகள் கிடைத்தன. நிலம் எங்களுடையது. வைத்துக்கொள்ளலாமா? — பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

முதல் வேலையாக மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றாலே, என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று சொல்லியாக வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. தெரிவித்தால் விசாரணை நடக்கும், உரிமை கோரி வேறு யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நில உரிமையாளருக்குக் கால் பங்கு என்று சட்டம் பிரிக்கிறது. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும்.

கிணறு வெட்டிய ஆட்களுக்கு ஆளுக்கு இரண்டு என்று பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள், சட்டியையும் எறியாதீர்கள். உங்கள் மாவட்டத்தைக் கேட்டதும் எனக்குப் பரபரப்பாகிவிட்டது. ஏன் என்று அடுத்த பதிலில்.

இவை எல்லாம் வடக்கத்திக் காசுதானே? நம் மூவேந்தர் வெளியிட்டார்களா? — ஆசிரியர், ஈரோடு

பெரும்பாலானவை வடக்கிலிருந்து வணிகத்தோடு வந்தவைதான். அங்குள்ள செல்வம் இங்கே தெரிந்தே இருந்தது. அகநானூறு 265-ஆம் பாட்டில் மாமூலனார், பாடலியில் நந்தர்கள் சேர்த்துக் கங்கையின் அடியில் ஒளித்து வைத்த நிதியைப் பேசுகிறார். அந்த நிதியில் நம் கர்ஷாபணமும் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே அந்த வரியைப் படிப்பேன். கீழடியிலும் 2021-ல் ஏழாம் கட்ட அகழாய்வில் ஒரு வெள்ளி முத்திரைக் காசு கிடைத்தது.

ஆனால் எல்லாமே வந்தவை என்றும் சொல்ல முடியாது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் முன்பு ஒரு புதையல் கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி முத்திரைக் காசுகள், எல்லாம் ஒரே வகை. பின்பக்கத்தில் ஒரு குறி, கோடுகளாகச் சுருக்கி வரைந்த மீன். சதுரச் செப்புக் காசில் பாண்டியர் போட்ட மீனும் இதே சாயல். இதை வைத்துப் பாண்டியர் முத்திரைக் காசும் வெளியிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் ஏற்கிறார்கள், எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. வடக்கத்திச் செய்முறையை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தில் தன் மீனைக் குத்தியிருக்கிறான் மதுரைக்காரன்.

ஒரு குழப்பம் மட்டும் தீரட்டும். எங்கள் கரூர் அமராவதி மணலில் பொறுக்குகிற சேரர் செப்புக் காசுகள் வேறு. அவற்றில் ஒரு பக்கத்து உருவம் முழுவதும் ஒரே அச்சில் விழுந்தது. தனித்தனி உளிக் குத்து அல்ல.

சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு இரண்டு காசு கொண்டுபோய்க் கொடுக்கலாமா? — வாசகர், புதுச்சேரி

கூடாது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். நாட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியே கொண்டுபோக முடியாது. மகனை விடுமுறைக்கு வரச் சொல்லுங்கள்.

காசின் படம் அனுப்பினால் வகை சொல்வீர்களா? — பலர்

சொல்கிறேன். இரண்டு பக்கமும் விளிம்பும் மூன்று படமாக, பக்கவாட்டு வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து எடுங்கள். எடையை இரண்டு தசமம் வரை எழுதுங்கள். எந்த ஊரில், யாரிடமிருந்து, எதற்குள் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். தேவகோட்டை அம்மா, உங்களுக்குக் கூடுதலாக ஒன்று: அந்தப் பித்தளைச் செம்பையும் படம் எடுங்கள், அடியில் பெயர் ஏதாவது வெட்டியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். பாட்டிக்கு அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால், இந்த வாரமே போய்க் கேட்டுவிடுங்கள்.